வீடு நிறைய ஆட்கள் கூடும் மே மாதம்: வாசகர் கேள்வி பதில்

பள்ளிக்கூடம் மூடியதும் பேரன் பேத்திகள், நாத்தனார் குடும்பம், சித்தி பிள்ளைகள் என்று வீடு நிறையும் மாதம் இது. இம்முறை வந்த கேள்விகளும் அந்த நாட்களைப் பற்றியவைதான். பதில்களில் அளவையும் முறையையும் கூடியவரை விரிவாகச் சொல்லியிருக்கிறோம். பத்துப் பேர் கூடிச் செய்கிற வேலையில் அளவு தெரிந்தவர் ஒருவராவது இருந்தால்தான் மற்றவர்கள் கவலையில்லாமல் பேசிக்கொண்டே கை கொடுக்க முடியும்.

வருஷா வருஷம் மே மாதம் அக்கா, தங்கை, அண்ணி எல்லாரும் கூடி மொட்டைமாடியில் கூழ் வடாம் பிழிவோம். மாமியார் இருந்தவரை கண்ணளவிலேயே எல்லாம் நடந்தது. இப்போது அளவு சொல்ல ஆள் இல்லை. போன வருஷம் பிழிந்தது காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. தேறியதைப் பொரித்தால் சிவந்து போகிறது. எங்கே தவறு?
– வாசகி, கும்பகோணம்

உதிர்ந்ததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கூழ் சரியாக வேகவில்லை. அரிசி மாவு முழுக்க வெந்து பசையானால்தான் காய்ந்த பிறகும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மாவு பாதி வெந்திருந்தால் ஈரம் இருக்கிறவரை ஒட்டி நிற்கும்; ஈரம் போனதும் உதிரும். அப்படிப்பட்ட வடாம் எண்ணெயிலும் பூக்காது, கடித்தால் மணல் மாதிரி நெறுநெறுக்கும்.

அளவைச் சொல்லிவிடுகிறோம். பச்சரிசி மாவு 4 டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர், தண்ணீர் எல்லாம் சேர்த்து 11 முதல் 12 டம்ளர். அரிசி பழைய அரிசியாக இருக்கட்டும். புது அரிசி குழைந்து ஒட்டும், அச்சில் வராது. அரிசியைக் களைந்து, நிழலில் உலர்த்தி, மில்லில் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசியில் மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குங்கள். நைலான் ஜவ்வரிசி இதற்குச் சரிப்படாது. அதை முதல் நாள் இரவே 2 டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள். அந்தத் தண்ணீரும் மேலே சொன்ன கணக்கில் சேர்ந்ததுதான்.

காரத்துக்குப் பச்சை மிளகாய் 15 முதல் 20 வரை, காரத்தைப் பொறுத்து. கல் உப்போடு சேர்த்து அரைத்து வடிகட்டினால் விதை அச்சின் கண்ணை அடைக்காது. உப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூழில் இருக்கும் தண்ணீரெல்லாம் வெயிலில் போய்விடும், உப்பு மட்டும் தங்கிவிடும். அதனால் கூழை நாக்கில் வைத்தால் உப்பு கொஞ்சம் போதாதது போல் தோன்ற வேண்டும். அடுப்படியில் சரியாக இருக்கிறது என்று நினைத்தால் பொரித்தபின் கரிக்கும். உப்பு மிஞ்சிய வடாம் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்து டப்பாவுக்குள்ளேயே நமத்தும் போகும்.

அடிகனமான பாத்திரத்தில் 5 டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறிய ஜவ்வரிசியைப் போடுங்கள். அது கண்ணாடியாகத் தெளிந்த பிறகு மிளகாய் உப்பு விழுதும் கரைத்த பெருங்காயமும். அரிசி மாவை மீதித் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வைத்திருந்து, தீயைக் குறைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். ஊற்றுகிறவர் ஒருவர், கிளறுகிறவர் ஒருவர். தனி ஆளாகச் செய்தால் கட்டி தட்டும். மாவு இறுகியதும் அடுப்பை அணைக்கத் தோன்றும். அங்கேதான் நீங்கள் போன வருஷம் நிறுத்தியிருப்பீர்கள். அதற்குப் பிறகும் சிறு தீயில் 15, 20 நிமிஷமாவது ஆகும். வெள்ளை நிறம் மங்கிப் பளபளப்பு வர வேண்டும். கையை நனைத்துக்கொண்டு தொட்டால் மாவு விரலில் ஒட்டக் கூடாது. அந்தப் பதம் வந்தபின் இறக்கி, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கலக்குங்கள். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசப்பு ஏறும்.

பிழிகிற நேரமும் முக்கியம். விடியற்காலை 4 மணிக்கு அடுப்பு மூட்டினால் ஆறு, ஆறரைக்குப் பிழிய ஆரம்பிக்கலாம். வெயில் சுள்ளென்று ஏறுமுன் மாடியை விட்டு இறங்கிவிடலாம். கூழ் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிழிந்தாக வேண்டும். ஆறிப்போன கூழ் அச்சில் திக்கித் திணறி வரும், பிழிந்த இழையில் கீறல் விழும். பாத்திரத்தை மூடியே வைத்து, அவ்வப்போது எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகிவிட்டால் பச்சைத் தண்ணீர் விடாதீர்கள், ஒரு கை வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள்.

விரிக்க நனைத்துப் பிழிந்த பழைய பருத்தி வேட்டியே சிறந்தது. பிளாஸ்டிக் விரிப்பில் உரித்தெடுப்பது சுலபம்தான், ஆனால் அடிப்பக்கம் காற்று படாமல் மெதுவாகக் காயும். வேட்டியில் பிழிந்திருந்தால் சாயங்காலம் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிஷம் விட்டு உரியுங்கள். உடையாமல் வரும். பிறகு தாம்பாளத்தில் பரப்பி இன்னும் இரண்டு, மூன்று வெயில். இரண்டு விரலால் ஒடித்தால் டக்கென்று சத்தம் வர வேண்டும். வளைந்துகொடுத்தால் இன்னொரு நாள் காயட்டும்.

சிவந்து போவதற்குக் காரணங்கள் வேறு. எண்ணெய் புகைகிற அளவுக்குக் காய்ந்திருக்கலாம், அல்லது கூழ் புளித்துப் போயிருக்கலாம். எண்ணெய் காய்ந்ததும் ஒரு சிறு துண்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் மேலே வந்து பூத்தால் சரியான சூடு. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. போட்ட உடனே விளிம்பு நிறம் மாறினால் சூடு அதிகம். வடாமுக்குள் மிச்சமிருக்கும் துளி ஈரம் ஆவியாகி விரிவதால்தான் அது பூக்கிறது. சூடு குறைந்தால் அந்த ஈரம் மெதுவாகக் கசிந்து போய்விடும், நடுவில் கல் மாதிரி ஒரு கெட்டி நின்றுவிடும்.

அதே வடாம் வேலைக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஐந்து பிள்ளைகள் மாடிக்கு வந்து நிற்கிறார்கள். “போங்கடா கீழே” என்று விரட்ட மனசில்லை. என்ன வேலை கொடுப்பது?
– வாசகி, காரைக்குடி

அச்சைத் தொடவிடாதீர்கள். வெளியே ஆறினாற்போல் தெரிந்தாலும் கூழின் உள்ளே சூடு கொதிக்கும். அவர்களுக்கென்று ஜவ்வரிசி வடாம் தனியாகக் காய்ச்சிக் கொடுங்கள்: ஒரு டம்ளர் மாவு ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, மொத்தம் 5 டம்ளர் தண்ணீரில் கண்ணாடியாகும்வரை காய்ச்சி, உப்பு, மிளகாய் விழுது, சீரகம் சேர்த்து நன்றாக ஆறவிடுங்கள். இது ஆறினாலும் கரண்டியில் எடுத்து ஊற்ற வரும். பிளாஸ்டிக் விரிப்பில் சின்னக் கரண்டியால் வட்டம் வட்டமாக விடுவது பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. ஒன்றோடொன்று ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். வட்டம் கோணலாக வந்தால் திருத்தப் போகாதீர்கள், பொரித்தால் எல்லாம் ஒரே ருசிதான். எது யார் ஊற்றியது என்று சாப்பிடும்போது அடையாளம் சொல்வார்கள், அதற்காகவாவது கோணல் இருக்கட்டும்.

காக்கா ஓட்டுகிற வேலையைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் மாடியில் இருக்க வேண்டாம். நிழல் விழும் மாடிப்படிக் கதவோரம் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருவர் என்று மாறிக்கொள்ளட்டும். பதினொரு மணிக்கு மேல் விரிப்பின் ஓரங்களில் கருப்புத் துணியோ விரித்த குடையோ வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடலாம். அரைக்காய்ச்சல் வடாமை அவர்கள் பிய்த்துத் தின்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். மேலே காய்ந்து உள்ளே மெத்தென்று இருக்கும் அந்த மத்தியானப் பதம் வருஷத்தில் ஓரிரு நாள்தான் கிடைக்கும். அதற்கென்றே ஒரு வரிசை கூடுதலாகப் பிழியுங்கள்.

பெரியம்மா கொடுத்தனுப்பிய மாவடுவில் மேலே வெள்ளையாக ஆடை படிந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகர், ஈரோடு

வெள்ளை ஆடை மெல்லியதாக, பொடி தூவியது போல் மட்டும் இருந்து, வடு கெட்டியாக, வாசனை சரியாக இருந்தால் ஆடையைச் சுத்தமாக எடுத்துவிட்டு உப்பு சேர்த்துக் காப்பாற்றலாம். பச்சையாகவோ கருப்பாகவோ பஞ்சு மாதிரிப் பூத்திருந்தால், அல்லது வடு கொழகொழத்திருந்தால், கொட்டிவிடுங்கள். பெரியம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஆவதற்கு மூன்று காரணம்: ஜாடியில் ஈரம், உப்பு குறைவு, வடு தண்ணீருக்கு மேலே மிதப்பது. ஒரு கிலோ வடுவுக்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு வேண்டும். கழுவித் துடைத்து, சிறு காம்பு விட்டு, விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் புரட்டி, உப்பும் மஞ்சள்தூளும் போட்டு, தினம் இரண்டு வேளை குலுக்கினால் மூன்று நாலு நாளில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் மிளகாய்த்தூளையும் கடுகுத்தூளையும் கலந்து திரும்ப ஊற்ற வேண்டும். வடு முழுகியே இருக்கட்டும், எடுக்கும் கரண்டி காய்ந்திருக்கட்டும்.

எங்கள் பாட்டி நிலா வெளிச்சத்தில் எல்லாப் பேரன் பேத்திகளையும் சுற்றி உட்காரவைத்து, பெரிய அடுக்கில் சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போடுவார். இந்தச் சித்ரா பௌர்ணமிக்கு அதையே அம்மா கையால் செய்யச் சொல்லியிருக்கிறோம். பெரியவர்கள் 13, சிறியவர்கள் 7. எவ்வளவு அரிசி போடுவது? எதை முதலில் செய்வது?
– வாசகி, திருச்சி

கலந்த சாதம் மட்டும் என்றால் பெரியவர் ஒருவருக்கு 100 கிராம் அரிசி, சிறியவருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குக்கு 1,720 கிராம் வருகிறது. ஒன்றே முக்கால் கிலோ போடுங்கள். கையில் வாங்கிச் சாப்பிடும்போது வழக்கத்தைவிட ஒரு பிடி கூடத்தான் இறங்கும். ஆனாலும் இந்த அளவு போதும், கூடவே வடாமும் வற்றலும் இருக்குமே.

பிரிப்பது இப்படி: புளியோதரைக்கு 600 கிராம், எலுமிச்சை சாதத்துக்கும் தேங்காய் சாதத்துக்கும் தலா 350 கிராம், தயிர்சாதத்துக்கு 450 கிராம். புளியோதரைக்குப் புளி 100 முதல் 120 கிராம். புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிடுங்கள். நல்லெண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதித்திருந்தால் கெடாது. சாதம் மட்டும் அன்று மத்தியானம் வடித்து, தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்துக் கலந்தால் சாயங்காலத்துக்குள் புளி உள்ளே இறங்கியிருக்கும். எலுமிச்சைச் சாறு, சாதம் ஆறியபின். தேங்காய் சாதம்தான் மே மாதச் சூட்டில் முதலில் ஊசிப்போகும், அதனால் அதைக் கடைசியாக, பரிமாறுவதற்கு ஒரு மணி முன்பு கலக்குங்கள். தேங்காய்த் துருவலைத் தண்ணீர்ப்பசை போக வறுத்துச் சேர்ப்பது அவசியம். மிஞ்சினால் இரவே தீர்த்துவிடுங்கள், காலைக்கு வைக்க வேண்டாம்.

தயிர்சாதத்துக்கு அரிசியைப் போல் நான்கு மடங்கு தண்ணீர் வைத்துக் குழையவிட்டு, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் ஒரு லிட்டர் விடுங்கள். தயிர் கால் லிட்டர் போதும். அதையும் சாதம் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்தான் சேர்க்க வேண்டும். முழுக்கத் தயிரே விட்டால் இரவு எட்டு மணிக்குள் புளித்துவிடும். உருட்டி வைக்க வேண்டுமென்பதால் முதலில் கொஞ்சம் தளர இருக்கட்டும், நேரம் ஆக ஆகத் தானே இறுகும்.

இனி முறை. பாட்டி கையால் போடும் சாதத்துக்குத் தட்டு கிடையாது, அதனால் சாதம் எல்லாமே சாப்பாட்டுச் சாதத்தைவிட ஒரு பிடி குழைந்திருக்க வேண்டும். விதைவிதையாக இருந்தால் உள்ளங்கையில் உதிரும். உருண்டை எலுமிச்சங்காய் அளவு. தயிர்சாத உருண்டையை உள்ளங்கையில் வைத்ததும் நடுவில் கட்டை விரலால் குழி செய்து, அதில் வத்தக்குழம்பு ஒரு சொட்டு விடுவதுதான் இதன் உயிர். குழம்பைக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், நீர்த்தால் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடும். வட்டமாக உட்கார்ந்து இடமிருந்து வலமாகப் போட்டு வாருங்கள். மிகச் சிறிய குழந்தை அம்மாவுக்கு இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு சுற்றும் அங்கிருந்து தொடங்கும், அது பசியில் அழாது. ஒரு சுற்றில் ஒரே சாதம். அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் குட்டை ஸ்டூலும் எதிரே அடுக்கை வைக்க இன்னொரு ஸ்டூலும் போடுங்கள், இருபது பேருக்கு ஒருவரே குனிந்து குனிந்து போட முடியாது. அவர் சாப்பிடுவதற்கு முன் அடுக்கு காலியாகிவிடும். ஒரு கிண்ணத்தில் அவருக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் பேத்தி ஒருத்தி அவருக்குக் கையில் போடட்டும்.

பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கிழக்கில் எழும். சுற்றிலும் கட்டடங்கள் இருந்தால் ஏழரை மணிக்கு மேல்தான் மாடிக்கு வெளிச்சம் வரும். அதற்குமுன் மாடித் தரையில் இரண்டு முறை தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் உட்காரும்போது சுடாது.

விடுமுறைக்கு மாமனார், மாமியார், இரண்டு வயதுக் குழந்தையோடு கொழுந்தனார் குடும்பம் எல்லாரும் வருகிறார்கள். வீடு சிறியது. குழந்தை இருக்கும் வீட்டில் முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, அம்பத்தூர்

விருந்தாளிகளின் பைகளை. எல்லாரும் மின்விசிறி, பிளக் பாயிண்ட், மாடிப்படி எல்லாம் பார்ப்பார்கள்; தரையில் சாய்த்துவைத்த ஜோல்னாப் பையைப் பார்க்க மாட்டார்கள். பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் அதில்தான் இருக்கும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உடனே இறங்காமல் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

வந்து இறங்கிய கையோடு, “அத்தை, மாத்திரையெல்லாம் ஒரே இடத்துல வெச்சுடலாம், வேளைக்கு எடுத்துத் தர எனக்கும் சுலபமா இருக்கும்” என்று கேட்டு வாங்கி, உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள். குழந்தைக்குப் பயந்து வாங்குகிறோம் என்றால் சிலருக்குச் சுருக்கென்று படும். வேளைக்கு எடுத்துத் தரத்தான் என்றால் சந்தோஷமாகவே கொடுப்பார்கள். அதே அலமாரிக்குப் பூஜைக் கற்பூரத்தையும் பாச்சா உருண்டையையும் ஏற்றுங்கள். கற்பூரம் கொஞ்சம் விழுங்கினாலே குழந்தைக்கு வலிப்பு வரும்.

படுக்கைக்கு ஒரு வார்த்தை: முதியவர்களைக் கழிவறைக்கு அருகில் படுக்கவையுங்கள். நடுவழியில் பாய் விரித்து யாரும் படுக்காமல், சின்ன இரவு விளக்கு ஒன்று எரியட்டும்.

பாட்டியும் பேத்தியும் பல்லாங்குழி ஆட உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் சண்டை. பாட்டி சொல்கிற விதி வேறு, பேத்தி வீடியோவில் பார்த்த விதி வேறு. எது சரி?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டும் சரியாக இருக்கலாம். பல்லாங்குழியில் ஆட்டங்கள் பல, ஊருக்கு ஊர் விதியும் மாறும். உங்கள் வீட்டில் நடப்பது அநேகமாகப் பசுப்பாண்டி. அதன் அடிப்படையைச் சொல்கிறோம். மாறுகிற இடங்களை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளட்டும்.

பக்கத்துக்கு ஏழாக 14 குழி. குழிக்கு 5 காய், ஆக 70 காய். ஆடுபவர் தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து எல்லாக் காயையும் அள்ளி, தன் வலக்கைப் பக்கமாக, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை வென்று எடுத்துக்கொள்ளலாம். அதோடு முறை முடிந்து எதிராளிக்குப் போகும். அடுத்தடுத்து இரண்டு குழி காலி என்றால் ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது 4 காய் சேர்ந்தால் அது பசு; அந்தக் குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்வார். ஒரு பக்கம் ஆடக் காயே இல்லாதபோது சுற்று முடியும். வென்ற காய்களைக் கொண்டு அவரவர் குழியை ஐந்தைந்தாக நிரப்பி அடுத்த சுற்று. நிரப்ப முடியாத குழி மூடப்படும்.

சண்டை வருகிற இடங்கள் மூன்று: துடைக்கும்போது எதிர்க்குழிக் காயும் சேர்ந்து கிடைக்குமா, பசு குழிக்காரருக்கா போட்டவருக்கா, முதலில் எண்ணிப் பார்த்து ஆடலாமா. முதல் இரண்டில் பாட்டியின் விதியே இருக்கட்டும், அது அவர் பிறந்த ஊரின் விதி. மூன்றாவதில் பேத்திக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். எட்டு வயதுக்குழந்தை விரலால் எண்ணிப் பார்த்துத்தான் ஆடும். ஒரு குழிக்குக்கூட ஐந்து காய் தேறாமல் தோற்றவர், இருப்பதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடும் கஞ்சி காய்ச்சுவதையும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். தோற்கிற பிள்ளை அழுது எழுந்து போகாமல் இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ போதும். சிவப்பும் கருப்புமான குன்றிமணி வேண்டாம். அதன் ஓடு உடைந்து உள்ளே போனால் கடுமையான விஷம்.

தொண்ணூறை நெருங்கும் அத்தைப்பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவர் பாடும் தாலாட்டையும் பழைய கதைகளையும் போனில் பதிந்து வைக்க ஆசை. அவர் கொண்டுவந்த பழைய ஆல்பத்தில் போட்டோக்கள் ஒட்டிக்கொண்டு வரவில்லை. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகி, மதுரை

பதிவுக்கு முதல் எதிரி மின்விசிறி. நேரில் நம் காதுக்குத் தெரியாத அதன் சத்தம் பதிவில் பாட்டின் மேலேயே ஏறி நிற்கும். காலை வேளையில், விசிறியை நிறுத்தி, சமையலறையிலிருந்து தள்ளி உட்காருங்கள். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் வைத்துவிடுங்கள். கையில் பிடித்தால் உரசல் சத்தம் விழும், அவருக்கும் கூச்சம் வரும். அரை மணிக்கு மேல் வேண்டாம், மறுநாள் தொடரலாம்.

“உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி” என்றால் “என்னத்தச் சொல்ல” என்றுதான் பதில் வரும். “உங்க கல்யாணத்துக்கு யாரு சமைச்சாங்க, என்னென்ன போட்டாங்க?”, “தீட்டு நாள்ல எங்க படுப்பீங்க?”, “மொதல் சினிமா யாரோட போனீங்க?” என்று கேளுங்கள். பாட்டை ‘பாடுங்க’ என்று கேட்பதைவிட மடியில் ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டால் தானே வரும்; வரிகளும் மறக்காது. நடுவில் யாரும் திருத்த வேண்டாம், வருஷம் தப்பாகச் சொன்னாலும் அப்படியே இருக்கட்டும். பதிந்த அன்றே கோப்புக்குப் பெயர், தேதி, பாட்டின் முதல் வரி போட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஆல்பத்தில் மேலே பிளாஸ்டிக் தாளும் கீழே பசையும் இருக்கும் வகை என்றால் நகத்தால் நெம்பாதீர்கள், படம் மடிந்து மேற்பூச்சு விரியும். மெழுகோ மணமோ பூசாத பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்தின் ஒரு மூலையில் நுழைத்து, தாளை ஒட்டியே மெதுவாக அறுப்பது போல் இழுத்து வாருங்கள். பாதியில் இறுக்கமாக நின்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்வது படத்தைக் கிழிப்பதைவிட மேல். சின்னப் படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் பெரிதாக்கினாலும் முகம் தெரியும். பிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் பிரிக்கக் கூடாது. கண்ணாடியோடு, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் போனை நேராகப் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் மட்டும் எந்தக் காலத்திலும் வேண்டாம், திரும்பப் பிரிக்கவே முடியாது.

படத்தில் இருப்பவர் யார் என்பதை அத்தைப்பாட்டி ஊருக்குப் போவதற்குள் கேட்டு எழுதிவிடுங்கள். மற்ற எல்லா வேலைக்கும் பிறகு நேரம் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. பின்பக்கம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் கோடு காட்டும், மைப்பேனா ஊறும். பெயரோடு உறவையும் யாருக்கு உறவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். வெறுமனே ‘மாமா’ என்று எழுதினால் இருபது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்குப் புரியாது. உறவினர் குழுவில் படங்களை அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அளவைக் குறைத்துவிடும்.

மகள் நியூ ஜெர்சியில். மூன்று வயதுப் பேரன் வீடியோ காலில் இரண்டு நிமிஷம்கூட நிற்பதில்லை. நாங்கள் “சாப்டியா கண்ணா” என்று கேட்பதோடு சரி.
– வாசகர், சேலம்

மூன்று வயதுக்கு அந்தக் கேள்வியில் பிடிப்பு இல்லை. பேசுவதை விட்டு, ஏதாவது செய்து காட்டுங்கள். அங்கே கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். நம் சாயங்காலம் ஆறு மணி அவர்களுக்குக் காலை எட்டரை. ஞாயிற்றுக்கிழமை அவன் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் அந்த நேரத்தில் கூப்பிட்டால் ஒரே இடத்தில் இருப்பான். போனைக் கையில் பிடிக்காமல் புத்தகங்களின் மேல் சாய்த்து, உங்கள் முகம் முழுக்கத் தெரியும்படி வையுங்கள். நீங்களும் எதிரே ஒரு தட்டில் இட்லி வைத்துக்கொண்டு, அவன் ஒரு வாய் வைத்தால் நீங்களும் ஒரு வாய் வையுங்கள். ஒரு நாள் பூத்தொடுப்பது, ஒரு நாள் ஆட்டுக்குட்டிக்குத் தழை போடுவது, ஒரு நாள் ஒரே கதை திரும்பத் திரும்ப. பத்து நிமிஷம் போதும். அவன் எழுந்து ஓடினால் “தாத்தாகிட்ட வா” என்று மகளை இழுத்து வரச் சொல்லாதீர்கள். போன் அப்படியே இருக்கட்டும், நீங்கள் மகளிடம் பேசிக்கொண்டிருங்கள். சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பான்.